உட்கார்ந்தபடி அளந்த கால்கள்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. மழைக்காலத்தின் நடுவில், எங்கள் பட்டறையின் பந்தாட்டக்காரர்கள் பதினோரு பேருடைய பாதங்கள் காகிதத்தில் வரையப்பட்டன.

2. அந்தக் காகிதங்களை வைத்து ரங்கூனில் ஒரு சீனர் பதினோரு ஜோடி சப்பாத்து தைத்தார்.

3. சப்பாத்து வந்த மூன்றாம் நாள், இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்குப் போவது யார் என்று தீர்மானிக்கும் ஆட்டம் நடந்தது. தோற்றோம்.

4. இடது ஓரத்தில் ஆடிய மாரிமுத்துவுக்குக் கால் பழுத்தது. ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

5. பந்து மேனேஜர் இன்னாசி வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

6. நான் நீக்கப்படவில்லை.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அதை எழுதத்தான் இந்த வாரம் இந்த இதழுக்கு இதை அனுப்புகிறேன்.

பெஞ்சு

ரங்கூனுக்குச் சற்று வடக்கே, இன்சீனில் ரயில் பாதையை ஒட்டி இருந்தது எங்கள் வார்ப்படப் பட்டறை. அரிசி ஆலைகளுக்கு வேண்டிய பற்சக்கரம், தண்டு, சரக்கு வண்டிகளுக்கு வேண்டிய இரும்பு சாமான்கள் எல்லாம் அங்கே வார்த்தார்கள். வரைபட அறையில் நான் ட்ரேசர். பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெல்லிய துணியை விரித்து, மையால் பிரதி எடுப்பது என் வேலை. அப்பா அங்கே தலைமை வரைவாளர். மாலை வகுப்பில் இரண்டு வருஷம் படித்துத் தேறிய பிறகு, ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்லி என்னை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கட்டடத்தில் வேறு பெண் கிடையாது. ஆறு மாதத்தில் நான்கு மாதம் முடிந்திருந்தது.

ஒரு பகல், சாப்பாட்டு நேரத்தில், இன்னாசி என் மேஜைக்கு வந்தார். அவர் ஸ்பெயின்காரர், பேசியது அரைகுறை ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன், கல்யாணமாகாத பெண்ணை அவர் ஊரில் அழைக்கும் 'செஞ்ஞோரீத்தா'வை மட்டும் அப்படியே விட்டுவிட்டு.

"செஞ்ஞோரீத்தா, பதினோரு பேருக்கும் சப்பாத்து தைக்கக் கம்பெனி சம்மதித்துவிட்டது. சீனர் இங்கே வரமாட்டாராம். கால் படம் கேட்கிறார். நீதான் இந்தப் பட்டறையில் சுத்தமாகக் கோடு போடுகிறவள். நிற்க வைத்து வரை."

என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். காகிதம் தரையில். பென்சில் செங்குத்தாக. ஆள் நின்றபடி. இரண்டு காலிலும் எடை சமமாக.

அவர் சீக்கிரம் கிளம்பிவிட்டார். லேத்து யந்திரம் ஒன்று மக்கர் செய்துகொண்டிருந்தது. பதினோரு பேரும் கரியும் வியர்வையுமாக வரைபட அறை வாசலில் வந்து நின்றார்கள். அந்த அறைக்குள் அவர்கள் யாரும் அதற்கு முன் கால் வைத்ததில்லை.

முதலில் தலைவர் காதர். ஃபிட்டர் வேலை, கடற்கரை ஊர்க்காரர், எல்லோருக்கும் மூத்தவர். காகிதத்தின் மேல் நின்றார். நான் பென்சிலோடு குனிந்து மண்டியிட்டேன்.

காதர் சூடு பட்டவர்போல் பின்னால் குதித்தார்.

"அல்லாவே! எந்திரி தங்கச்சி, எந்திரி! ஹெட்டு வரைவாளர் மக எங்க காலடியிலயா உக்கார்றது?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "யோவ் காதரு, பாவத்துக்குப் பயந்து இல்ல, உன் கால் நாத்தத்துக்குப் பயந்துதான குதிச்சே?"

சிரிப்பு. ஆனால் அடுத்தவரும் காகிதத்தில் ஏறவில்லை.

"நான் தொட மாட்டேன், அண்ணே. பென்சில் மட்டும்தான் படும்" என்றேன்.

"பென்சில யாரு புடிச்சிருக்கா? நீங்கதான?" என்றார் மாரிமுத்து. கொல்லுப் பட்டறையில் சம்மட்டி அடிப்பவர். இருபத்தைந்து வயதிருக்கும். "தாயி, கல்யாணமாகாத புள்ள நீங்க. எங்க காலைத் தொட்டா அந்தப் பாவம் எங்களைச் சும்மா விடாது. ஏற்கனவே நாலு ஆட்டம் தோத்திருக்கோம்."

ஒருவர் காலை இன்னொருவர் வரையலாமே என்றேன். மூத்தவர் இளையவர் காலைத் தொடுவதா, அவன் எந்த ஜாதி, இவன் எந்த ஜாதி என்று பேச்சு வேறு பக்கம் திரும்பியது. சங்கு ஊதக் கால் மணி நேரம்தான் இருந்தது.

மாரிமுத்து பெஞ்சில் உட்கார்ந்தார். காகிதத்தை இழுத்துக் காலடியில் போட்டுக்கொண்டார்.

"குடுங்க தாயி. எங்க கால், நாங்களே கோடு போட்டுக்கிறோம். சம்மட்டி புடிக்கிற கை பென்சில் புடிக்காதா?"

நின்றபடி குனிந்து தன் காலைத் தானே வரைய முடியாது. அதனால் எல்லோரும் வரிசையாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வரைந்தார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல. நான் ஒவ்வொரு காகிதத்திலும் பெயர் எழுதினேன்.

அறையின் மறுகோடியில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார்.

பந்து மேனேஜர்

இன்னாசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய உண்மைப் பெயர் நீளமானது. அதில் இஞ்ஞாசியோ என்ற முதல் பாகத்தைக் கேட்டவுடனே, வார்ப்படப் பகுதியில் இருந்த கிறிஸ்தவர் ஒருவர், "நம்ம இன்னாசி!" என்றாராம். அன்றிலிருந்து அவர் இன்னாசி சார். பட்டறை மேலாளர் பெரிய மேனேஜர். இவர் பந்து மேனேஜர்.

ஸ்பெயின் தேசத்தின் வடகரையில், மழை ஓயாத ஒரு துறைமுக ஊர் அவருடையது. வாலிபத்தில் கோல் காப்பவர். விரல்கள் இரண்டு முறிந்து கோணலாகச் சேர்ந்துகொண்டதால் ஆட்டத்தை விட்டு, ஆட்டுவிப்பவராக ஆனார். அவர் நடத்திய அணிகளை அவரே ஒருநாள் என்னிடம் விரல்விட்டு எண்ணினார். நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

முதலாவது, ஊரில் கப்பல் கட்டும் தொழிலாளர் அணி. மாகாணத்தின் இரண்டாம் பிரிவு. முதல் பிரிவுக்குப் போக ஒரு கோல் குறைந்தது.

இரண்டாவது, சுரங்க ஊர் ஒன்று. அதுவும் இரண்டாம் பிரிவு. கடைசி ஆட்டத்தன்று சுரங்கத்தில் வேலைநிறுத்தம். ஆறு பேர்தான் மைதானத்துக்கு வந்தார்கள்.

மூன்றாவது, ஆற்றங்கரையில் ஒரு சிறு பட்டணம். அதைப் பற்றி அவர் பேச விரும்பவில்லை. அங்கேதான் அவர் மனைவி இறந்தார் என்று பிறகு காதர் சொன்னார்.

நான்காவது மணிலா. அங்கே இருந்த ஸ்பானிய வியாபாரிகளின் இரண்டாவது அணி. அவர்களுடைய முதல் அணியே அதை மேலே வரவிடவில்லை.

பிறகு கப்பலில் யந்திர வேலை. ரங்கூனில் இறங்கும்போது காய்ச்சல். கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. எங்கள் பட்டறையில் லேத்துப் பகுதிக்கு ஆள் தேவைப்பட்டது. ஐந்தாவது அணி இப்படித்தான் கிடைத்தது.

"ஒரே ஒரு தடவை முதல் பிரிவில் ஒரு அணியை மைதானத்துக்குள் நடத்திக்கொண்டு போக வேண்டும். ஜெயிக்கக்கூட வேண்டாம். நடந்து போனால் போதும்" என்பார். ஐம்பதை நெருங்கிய மனிதர். இதைச் சொல்லும்போது மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவர் வருவதற்கு முன், எங்கள் ஆட்கள் பந்து எங்கே போகிறதோ அங்கே பதினோரு பேரும் ஓடுவார்கள். இவர் தரையில் சுண்ணாம்பால் கட்டங்கள் போட்டார். உன் கட்டத்தை விட்டு வராதே என்பார். இரண்டு மழைக்காலம் அப்படிப் போயிற்று. பயிற்சி முடிந்ததும் பட்டறை வாசலில் எல்லோருடனும் குந்தி உட்கார்ந்து மொஹிங்கா சாப்பிடுவார். "சார், மீன் குழம்புல சேமியாவைப் போட்டுக் குடிக்கிற மாதிரி இருக்கும், ஆனா விட மாட்டீங்க" என்று காதர் முதல் நாளே அவருக்குச் சொல்லி வைத்திருந்தார். அப்படியேதான் ஆனது.

ஆட்கள் 'சப்பாத்து' என்று சொல்வதை முதன்முதலில் கேட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. மனிதர் அப்படியே நின்றுவிட்டார். "என்ன சொன்னாய்? திரும்பச் சொல்" என்றார். அவர் ஊரிலும் ஏறக்குறைய அதே சொல்தானாம். அன்று முழுவதும் எதிரில் வந்தவர்களிடமெல்லாம் காலைச் சுட்டிக்காட்டி "சப்பாத்து, சப்பாத்து" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் சப்பாத்து போட்டவர்கள் இல்லை. வெறுங்காலோடு, கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு ஆடினார்கள். இங்கே பந்தாட்டம் மழைக்காலத்தில். எதிரணிக்காரர்களின் சப்பாத்துகளுக்கு அடியில் தோல்கட்டைகள் இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் யாராவது ஒருவருக்கு நகம் பெயர்ந்தது. ஒருமுறை மாரிமுத்து பெருவிரல் நகத்தைத் தானே பிய்த்து எறிந்துவிட்டு ஓடியதைப் பார்த்துத்தான், இவர்களுக்குச் சப்பாத்து இல்லாமல் நான் ஆட்ட மாட்டேன் என்று இன்னாசி கம்பெனியில் போய் நின்றார்.

சுமையின்றி, சுமையுடன்

பென்சில் படங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் மையில் எடுத்தேன். நீளம், விரல்மூட்டு அகலம், குதிகால் அகலம் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு குறித்தேன். கெட்டியான காலுறைக்காகச் சுற்றிலும் கால் அங்குலத்தில் பாதி கூட்டினேன். இருபத்திரண்டு படங்கள். அவற்றில் ஒரு கோணல் கோடு கிடையாது. பெருமையாக இருந்தது.

அதே வாரம் பட்டறையில் நான் எடுத்துக்கொண்டிருந்த பிரதி, சரக்கு வண்டியின் அடியில் வரும் பட்டை வில். அந்தப் படத்தில் வில்லை இரண்டு முறை வரைய வேண்டும். சுமையின்றி எப்படி வளைந்திருக்கும் என்று முழுக்கோட்டில். சுமை ஏறினால் எவ்வளவு தட்டையாகி நீளும் என்று புள்ளிக்கோட்டில். இரண்டு அளவும் எழுதாத படத்தை அப்பா கிழித்துப் போட்டுவிடுவார்.

ஒரு கையால் அதை வரைந்தேன். அதே கையால் பதினோரு பேருடைய பாதங்களைச் சுமையில்லாமல் அளந்து எழுதினேன். அப்போது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால் படிப்பவர்கள் நம்புவார்கள். முழு உண்மை அதுவல்ல. தோன்றியது, கொஞ்சம் தாமதமாக, சீனர் கடையில்.

ஒரு கேள்வி

இன்னாசியும் அப்பாவும் நானும் காலை ரயிலில் ரங்கூன் போனோம். சூலே பகோடாவைச் சுற்றி, கியாக்டடா வட்டாரத்தின் பெரிய வங்கிக் கட்டடங்களைத் தாண்டி மேற்கே நடந்தால் சீனர்களின் தெருக்கள். அப்பா காகிதக் கடையில் தங்கிவிட்டார். நாங்கள் இருவரும் சப்பாத்துக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் வயதானவர். படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல கை" என்று பர்மிய மொழியில் சொன்னார். இன்னாசிக்கு பர்மிய மொழி தெரியாது. நான்தான் இருவருக்கும் நடுவில்.

பிறகு அவர் ஒரு படத்தை மட்டும் தனியே எடுத்து, கட்டைவிரலால் ஓரத்தைத் தடவியபடி கேட்டார்:

"இது நின்றபடியா, உட்கார்ந்தபடியா?"

அந்த நொடியில்தான் வண்டியின் வில் கண்முன் வந்தது. முழுக்கோடு, புள்ளிக்கோடு.

என் மனதில் ஓடியவையும் வரிசையாகவே ஓடின. உட்கார்ந்தபடி என்றால் மறுபடி வரைய வேண்டும். மறுபடி வரைய வேண்டும் என்றால் இன்னாசிக்குத் தெரிந்துவிடும். நிற்க வைத்து வரை என்று அவர் சொன்னதை நான் செய்யவில்லை என்பது கம்பெனிக்குத் தெரிந்துவிடும், பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கும் தலைகுனிவு. ஆறு மாதத்தில் இரண்டு மாதம் மீதி இருக்கிறது. பெண்பிள்ளையிடம் கொடுத்தால் இப்படித்தான் என்பார்கள். அதோடு, என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடும்? காலுறைக்குக் கூட்டியது இருக்கிறதே.

"நின்றபடிதான், சயா" என்றேன், பர்மியர் பெரியவர்களை அழைக்கும் மரியாதையோடு.

பெரியவர் தலையாட்டினார்.

"என்ன கேட்கிறார்?" என்றார் இன்னாசி.

"எப்போது வேண்டும் என்று கேட்கிறார்."

பாதி நேரம்

சப்பாத்து பத்து நாள் தாமதமாக வந்தது. ஆட்டத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தோல் வாசனை பட்டறை முழுவதும் அடித்தது. ஆட்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஜோடியை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்கள். காலில் போட்டுக்கொண்டு போகவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குள் சப்பாத்தோடு நிற்க வைத்தார் இன்னாசி. நனைந்த தோல் காலிலேயே காய்ந்தால் பொருந்திவிடும் என்பது அவர் ஊர் வழக்கம். அதற்கு ஒரு வாரம் வேண்டும்.

"நல்லா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே போனார்.

"நல்லா சார்!" என்றார்கள் பதினோரு பேரும்.

நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். நடக்கும்போது எல்லோரும் குதிகாலை முதலில் வைக்காமல் பாதத்தின் ஓரத்தை வைத்தார்கள். பார்த்தேன். மேஜைக்குத் திரும்பினேன்.

ஆட்டத்தன்று மழை. எதிரணி துறைமுகத்துக் குமாஸ்தாக்கள். பட்டறை ஆட்கள் ரயில் நிறைய வந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர் குடைகளோடு ஒரு மூலையில் நின்றோம்.

முதல் பாதியை இன்று கேட்டாலும் நிமிஷம் நிமிஷமாகச் சொல்வேன். அவ்வளவு அழகாக ஆடினார்கள். சேற்றில் ஒருவரும் வழுக்கவில்லை. கட்டம் கட்டமாகப் பந்து நகர்ந்தது. காதர் இடது ஓரத்துக்கு அடித்தார், மாரிமுத்து ஓடினார், கோல். என் பக்கத்தில் நின்ற மாரிமுத்துவின் அக்கா குடையைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். எதிர்ப்புறம் இன்னாசி நனைந்த தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

பாதி நேரத்தில் ஆட்கள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் கொண்டுபோன காதரின் தம்பி ஓடிவந்து, "காலுறையெல்லாம் ரத்தம்" என்றார்.

இன்னாசி ஒவ்வொருவர் முன்னும் மண்டியிட்டார். யாரும் காலை இழுத்துக்கொள்ளவில்லை, அதற்குத் தெம்பில்லை. அவரே கயிற்றை அவிழ்த்து, சப்பாத்தைக் கழற்றி, காலைக் கையில் ஏந்திப் பார்த்தார். சுண்டுவிரல் பக்கமும் குதிகாலும் தோல் உரிந்து கிடந்தது. பதினோரு பேருக்கும் அதே இடத்தில்.

"கழற்றுங்கள். வெறுங்கால்" என்றார்.

இரண்டாம் பாதியில் புண்ணோடு சேற்றில் ஓடினார்கள். ஓடினார்கள் என்பது சரியான சொல் அல்ல. மூன்று கோல் வாங்கினோம். கடைசி நிமிஷங்களில், உரிந்த குதிகாலின் மேல் எதிரணிக்காரர் ஒருவரின் சப்பாத்து ஏறிவிட, மாரிமுத்து விழுந்து, எழுந்து, மறுபடி ஆடினார்.

ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல். ஒன்பதாம் நாள் கால் கறுத்தது. பன்னிரண்டாம் நாள் நடந்ததை மேலே நான்காவது வரியில் எழுதியிருக்கிறேன்.

கேட்டவர்கள், கேட்காதவர்கள்

விசாரணைக்கு முந்தைய நாள் இன்னாசி வரைபட அறைக்கு வந்தார். அப்பா இல்லை. என்னிடம் இருந்த மாரிமுத்துவின் பென்சில் படத்தைக் கேட்டு வாங்கினார். அதைத் தரையில் போட்டு, தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து காலை அதன் மேல் வைத்தார். கால் கோட்டுக்குள் சரியாக அடங்கியது. பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். மறுபடி பார்த்தார். அவருடைய கால் கோட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் பிதுங்கியது.

"நிற்கும்போது மனிதன் அகலமாகிவிடுகிறான், செஞ்ஞோரீத்தா" என்றார்.

நான் எதையோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டினார்.

"எனக்கு இது ஐந்தாவது அணி. உனக்கு இது முதல் வேலை."

சீனர் கேட்ட கேள்வி அவருக்கு அப்போதும் தெரியாது. அவர் நினைத்தது, நான் அறியாமல் செய்த பிழை என்று. அறியாதவளைத்தான் அவர் காப்பாற்ற நினைத்தார். அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

மறுநாள் பெரிய மேனேஜரின் அறை. அவர், இன்னாசி, காதர், அப்பா. படக்கட்டோடு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"சப்பாத்து யாருடைய யோசனை?"

"என்னுடையது" என்றார் இன்னாசி.

"இந்த அளவுகளை யார் எடுத்தது?"

"நான். இந்தப் பெண் மை மட்டும்தான் போட்டாள்."

அப்பா என்னைப் பார்த்தார். காதர் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் இருந்த கடிகாரத்தை நான் பார்த்தேன். பெரிய மேனேஜர் எழுதுவதற்கு எடுத்துக்கொண்டது நான்கு நிமிஷம். 'கவனக்குறைவால் தொழிலாளி ஒருவரின் உறுப்பு இழப்புக்குக் காரணமானவர்' என்று எழுதினார். அந்தத் தாளோடு ரங்கூனில் வேறு எந்த அணியும் இன்னாசியைச் சேர்க்கவில்லை, மூன்றாம் பிரிவுகூட. மழை விடுவதற்குள் பினாங்கு போகும் ஓர் அரிசிக் கப்பலில் யந்திர அறை வேலைக்கு ஏறிவிட்டார். வழியனுப்ப யாரும் போகவில்லை.

விசாரணை நாளன்று வீட்டுக்கு நடந்தபோது பாதி வழியில் அப்பா நின்றார். பிறகு சொன்னார்:

"நீ வாயைத் திறப்பேன்னு பார்த்தேன், ரஞ்சிதம்."

"நீங்க திறப்பீங்கன்னு நான் பார்த்தேன், அப்பா."

அதற்கு மேல் இன்றுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

மாவ்பி

மாரிமுத்துவை அவர் அக்கா, வடக்கே ரயில் பாதையில் உள்ள மாவ்பி என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் புருஷன் அங்கே காய்கறி பயிரிடுகிறார். நான் போக மூன்று வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு மாதமும் குறிப்பேட்டில் 'மாவ்பி' என்று எழுதுவேன். மாதக் கடைசியில் அடுத்த மாதத்துக்கு மாற்றி எழுதுவேன்.

போன மழைக்கு முன்பு போனேன். சந்தையில் வாழைத்தாரும் பூசணியும் குவித்து வைத்து, ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கக்கத்துக் கட்டை பக்கத்தில் சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார்.

"உட்காருங்க அண்ணே."

"வாங்க தாயி! மெலிஞ்சுட்டீங்க. இன்னும் அந்தத் துணி மேலயே கோடு போட்டுக்கிட்டு இருக்கீங்களா?" பர்மிய மொழியில் ஒரு பெண்ணிடம் பூசணிக்கு விலை பேசிவிட்டுத் திரும்பினார். "காதரண்ணன் எப்படி? ஆடுறாரா?"

"அவர்தான் இப்போ பந்து மேனேஜர். வெறுங்கால்தான்."

"எந்தப் பிரிவு?"

"இரண்டாம் பிரிவு."

"அட, நம்ம எடத்தை யாருக்கும் விட்டுக் குடுக்கலை" என்று சிரித்தார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். உட்கார்ந்தபடி அளந்ததால்தான் சப்பாத்து சிறுத்தது என்றேன்.

"அது தெரியுமே" என்றார். "போட்டவுடனேயே எல்லாருக்கும் இறுக்கித்தான் புடிச்சுது. ஆனா பொறந்ததிலேர்ந்து சப்பாத்து போட்டவன் எங்கள்ல யாரு? சப்பாத்துன்னா அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சோம். 'வெள்ளைக்காரன் பூரா இந்த வேதனையோடதான் நடக்குறான், அதான் மூஞ்சி அப்படி இருக்கு'ன்னு காதரண்ணன் சொல்லி ஒரே சிரிப்பு. ஒருத்தன் வாயத் தொறந்திருந்தா மத்தவனும் தொறந்திருப்பான். அந்த மனுசன் ஆசையா வந்து நல்லாவா நல்லாவான்னு கேக்கறப்ப எப்படிச் சொல்றது?"

"அண்ணே, அது மட்டும் இல்லை. கடைக்காரர் என்னைக் கேட்டார். நின்றபடியா உட்கார்ந்தபடியா என்று கேட்டார். நின்றபடி என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அப்போது சொல்லியிருந்தால் திரும்ப அளந்திருக்கலாம்."

அவர் சிரிப்பு நின்றது. வாழைப்பழத்தின் மேல் உட்கார்ந்த ஈயை விசிறினார். மறுபடி வந்தது, மறுபடி விசிறினார்.

"இதை எதுக்குத் தாயி எங்கிட்ட சொல்றீங்க?" என்றார் கடைசியில். குரல் உயரவில்லை. "சொன்னா எனக்குக் கால் மொளைக்குமா? பரவாயில்ல தாயின்னு நான் சொல்லணும், அதைக் கேட்டுட்டு நீங்க ரயில் ஏறணும். அதான?"

அதற்காகத்தான் போயிருந்தேன்.

"அவரு ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. தெனம் வந்தாரு. எம்பக்கத்துல உக்காந்து, எம் புத்தி கெட்டுப்போச்சு, நான்தான் உன் காலை எடுத்தேன்னு அவரு பாஷையில அழுதாரு. பாஷை தெரியலைன்னாலும் தெரியாதா? அதை நெனச்சுக்கிட்டுத்தான் எங்கேயோ கப்பல்ல கெடப்பாரு. அவரு பேருக்கு நேரே துரை என்னமோ எழுதி வெச்சாராமே. போய் அதை அடிக்கச் சொல்லுங்க. எங்கிட்ட வராதீங்க."

சொல்லிவிட்டு, என் பைக்குள் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தார். வேண்டாம் என்றேன். "எடுத்துட்டுப் போங்க" என்றார், என்னைப் பார்க்காமல்.

இன்றைய நிலை

மாவ்பியிலிருந்து திரும்பிய வாரம், சீனர் கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதிக் கையெழுத்திட்டு, உட்கார்ந்தபடி எடுத்த மாரிமுத்துவின் கால் படத்தையும் இணைத்து, பெரிய மேனேஜரிடம் நேரில் கொடுத்தேன். முடிந்துபோன விஷயம் என்றார். வாங்கி இழுப்பறையில் வைத்தார். இரண்டு முறை நினைவூட்டிக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அப்பா இதைப் படித்துவிட்டார். அனுப்பு என்றார்.

இன்னாசி எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. பினாங்குத் துறைமுகத்துக்கு மூன்று கடிதங்கள் போட்டேன். மூன்றும் திரும்பி வந்தன.

மாரிமுத்து மாவ்பிச் சந்தையில் இருக்கிறார். அவரைப் பார்க்க நான் பிறகு போகவில்லை.

நான் இன்றைக்கும் அதே வரைபட அறையில், இப்போது நிரந்தர ட்ரேசராக இருக்கிறேன். இந்த இதழ் இன்சீனுக்கு வந்து சேர்ந்த பிறகும் அப்படியே இருப்பேனா என்று தெரியவில்லை.

பட்டறையின் பதிவேட்டில், 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்கு நேரே இன்னும் இன்னாசியின் பெயர்தான் இருக்கிறது.